விளக்குப் பெட்டியில் இரண்டு முட்டிகள்

"அத்தே, இதுல உங்க முட்டி எது?"

மருமகள் மித்ரா கேட்டாள். என் மனைவி சுசீலா விளக்குப் பெட்டியின் முன்னால் போய் நின்றாள்.

எக்ஸ்ரே படத்தை மாட்டி, பின்னால் ட்யூப் லைட்டை எரியவிட்டுப் பார்க்கிற வெள்ளைப் பெட்டி அது. ராபர்ட்சன்பேட்டையில் டாக்டர் அல்லாத ஒருவன் கடையில் அப்படி ஒரு பெட்டி முதலில் மாட்டப்பட்டது என் கடையில்தான். சந்தேகம் இருந்தால் கடைத்தெருவில் யாரையும் கேட்டுக்கொள்ளலாம்.

அன்றைக்கு அதில் இரண்டு படங்கள் அடுத்தடுத்துத் தொங்கின. இரண்டும் முட்டிப் படங்கள். பெயர் இருக்கும் மூலையை மித்ரா காகிதம் ஒட்டி மறைத்துவிட்டாள்.

ஒரு படத்தில் முட்டி அடக்கமாக இருந்தது. மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. இன்னொன்று பார்க்கவே சகிக்கவில்லை. இரண்டு எலும்பும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டன. ஓரமெல்லாம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. பாவம், இந்த முட்டியை வைத்துக்கொண்டு இவள் எனக்கு இத்தனை நாள் சோறு பொங்கிப் போட்டாளே என்று நினைத்தேன்.

சுசீலா முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். பயம் வந்தால் அப்படித்தான் செய்வாள். பிறகு விரலை நீட்டினாள்.

விரல் எதன் மேல் போய் நின்றது என்பதைச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கு என் வயிறு எப்படி எரிந்தது என்பது உங்களுக்குப் புரியாது.

ஆறாம் வகுப்பும் ஒரு மெஷினும்

நான் படித்தது ஆறாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. அப்பா சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கத்துக்குள், பாறை சரியாமல் மரம் முட்டுக் கட்டுகிற வேலையில் இருந்தார். அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நோயாளியாக அல்ல, வெந்நீர் தூக்குகிற பையனாக.

அங்கே அடிபட்ட ஆட்களுக்கு ஒத்தடம் கொடுக்க ஒரு அறை இருந்தது. நான் வாளி தூக்கினேன், துண்டு பிழிந்தேன், கதவு ஓரமாக நின்று பார்த்தேன். எந்த மெஷினில் எந்தக் குமிழை எவ்வளவு திருப்புகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே மனத்தில் ஏற்றிக்கொண்டேன். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் வாழ்க்கையில் எனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததே இல்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

சுரங்கம் மூடியபோது ஊரே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. நான் நிற்கவில்லை. சென்னையில் ஒரு மருத்துவமனை பழைய மெஷின்களைக் கழிக்கிறது என்று கேள்விப்பட்டு, வலிக்குக் கரண்ட் வைக்கிற மெஷின் ஒன்றை வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பங்காரப்பேட்டையில் வண்டி மாறும்போது போர்ட்டர் தூக்க வந்தான். கொடுக்கவில்லை. குழந்தையைப் போர்ட்டரிடம் கொடுப்போமா?

அப்படித்தான் 'ஹீட் அண்ட் கரண்ட் சென்டர்' வந்தது. படித்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து ஆளைப் பார்த்து, என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். மெஷின் போடுவது நான். சட்டம் எனக்கும் தெரியும். ஆனால் ஜனங்கள் வந்தது அவருக்காக அல்ல. "கரண்ட்டு கௌதமன்" என்றால் பேத்தமங்களாவில் வயல் வேலை செய்கிறவர்களுக்குக்கூடத் தெரியும்.

படம் சொன்னால் சொன்னதுதான்

எங்கள் ஊரில் எக்ஸ்ரே படத்துக்கு இருக்கிற மரியாதை வேறு எங்கேயும் இருக்காது.

காரணம் உண்டு. சுரங்கத்துத் தூசு நெஞ்சில் இறங்கியிருக்கிறதா இல்லையா என்பதைப் படம்தான் தீர்மானிக்கும். ஆள் இருமி இருமிச் செத்துக்கொண்டிருப்பான். படத்தில் தெரியவில்லை என்றால் அவனுக்கு ஒன்றுமில்லை. நஷ்ட ஈடு கிடையாது. படத்தில் தெரிந்துவிட்டால் குடும்பத்துக்கு ஒரு பிடிமானம். அதனால் இங்கே கல்யாணப் புடவைக்குக் கீழே, பெட்டியின் அடியில், அப்பாவின் நெஞ்சுப் படம் இருக்கும். என் வீட்டிலும் இருக்கிறது.

இன்னொன்று, லைட் டியூட்டி. சுரங்கத்தில் அடிபட்டவனுக்கு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் அவன் கீழே இறங்க வேண்டாம். மேலேயே விளக்கு துடைக்கிற இடம், கேட் என்று லேசான வேலை. அது தண்டனை இல்லை, கௌரவம். சுரங்கம் மூடிய பிறகும் அந்த வழக்கம் வீடுகளில் நின்றுவிட்டது. இடுப்பு பிடித்தவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நான் லைட் டியூட்டிம்மா" என்பான். பெண்டாட்டி தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள்.

சுசீலாவுக்கு முட்டி வலி வந்தபோது நான் செய்ததும் இதுதான். படம் எடுத்தேன். பெட்டியில் மாட்டிக் காட்டினேன். "தேஞ்சி போச்சி சுசீலா. பாரு, இங்க, இங்க. இனிமே நீ லைட் டியூட்டி" என்றேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. காய்கறி நான் வாங்கினேன். மொட்டை மாடிக்கு நான் போய்த் துணி காயவைத்தேன். தரையில் உட்காராதே என்று கட்டில் வாங்கிப் போட்டேன். பௌத்த விகாரைக்கு ஆட்டோ. இந்த ஊரில் எந்த ஆம்பளை பெண்டாட்டிக்கு இவ்வளவு செய்தான்?

சிவப்பு லேம்ப்

சாயங்காலம் கடைசி ஆள் போனதும் சுசீலா கடைக்கு வருவாள். வீடு பின்கட்டிலேயேதான். கட்டிலில் காலை நீட்டி உட்காருவாள். நான் சிவப்பு லேம்பை முட்டிக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவேன்.

அரை மணி நேரம்.

நாளெல்லாம் நான் நின்ற இடத்தில் நிற்க மாட்டேன். சாப்பிடுவதே நின்றுகொண்டுதான். அந்த அரை மணி மட்டும் உட்காருவேன். லேம்ப் மெல்ல உறுமும். அவள் மேல் சிவப்பு விழும். காலையிலிருந்து நடந்ததை எல்லாம் சொல்வாள். யார் வீட்டில் யார் வந்தார்கள், பையன் பிரபு பெங்களூர் வண்டியில் இடம் கிடைத்துப் போனானா, நின்றுகொண்டு போனானா என்று. சில நாள் ஒன்றும் பேச மாட்டாள். சூடான தோல் வாசனையும் அவள் தலையில் இருக்கிற கனகாம்பரமும் கலந்து ஒரு வாசம் வரும். அதில் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

வலி குறைந்ததா என்று கேட்டால், "இப்ப தேவல" என்பாள். மறுநாள் மறுபடி வருவாள்.

எனக்கு அது போதும் என்று இருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலி

மித்ரா வந்ததும் எல்லாம் போயிற்று.

பிரபு பார்த்துக் கட்டிக்கொண்ட பெண். இங்கே பக்கத்தில் ஊரிகத்துக் குடும்பம்தான். பெங்களூரில் வளர்ந்து, அங்கேயே பிசியோதெரபி படித்து, பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில், "மாமா, நம்ம சென்டர்லயே நான் பாக்குறேனே" என்றாள். எனக்கும் சந்தோஷம். வெளியூர்க்காரருக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிட்டேன். படித்த பெண், என் போர்டுக்குக் கீழே உட்காருவாள், மெஷின் நான் போடுவேன் என்று கணக்குப் போட்டேன்.

அவள் மெஷின் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

என் பழைய வாடிக்கையாளர் ஆரோக்கியசாமி வந்தார். சுரங்கத்தில் பாறைக்குத் துளை போட்ட ஆள். இடுப்பு வலிக்கு என்னிடம் படுத்து எழுந்தே வயசான மனிதர். வழக்கம் போல நேராகப் போய்க் கட்டிலில் குப்புறப் படுத்தார்.

"எழுந்திருங்க அங்கிள். உங்களுக்கு எது செய்ய முடியாம கஷ்டமா கீது? அத சொல்லுங்க" என்றாள் மித்ரா.

"இடுப்பும்மா."

"இடுப்பு சரி. அதனால எந்த வேலை நின்னுபோச்சு?"

அவர் யோசித்தார். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டதில்லை. "காஸ் சிலிண்டர் நகுத்த முடியல. மருமவ மொறைக்கிறா" என்றார்.

மித்ரா ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். டீக்கடையில் போடுகிற சிவப்பு நாற்காலி. அதில் உட்காரச் சொன்னாள், கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னாள். மறுபடி. மறுபடி. அப்புறம் ஒரு பையில் மணலைப் போட்டு அவரைத் தூக்கவைத்தாள். இடுப்பு வலிக்காரனை மணல் தூக்கவைக்கிறாள்! நான் ஓடிப்போய்ப் பையைப் பிடித்தேன்.

"டிஸ்க் தேஞ்ச ஆளும்மா அவரு! லைட் டியூட்டி!"

"மாமா, ஒரு நிமிஷம் வாங்க" என்று உள்ளே கூப்பிட்டாள். எப்போதும் அப்படித்தான், ஆள் முன்னால் என்னை எதிர்த்துப் பேச மாட்டாள். "தேஞ்சி போச்சின்னு சொல்லாதீங்க மாமா. ப்ளீஸ். அந்த வார்த்தையக் கேட்டா மனுஷன் அசையவே பயப்புடுறான். அசையாம இருந்தா சதை எளச்சிப் போவுது. சதை எளச்சா இன்னும் வலி. இப்ப வர ஆராய்ச்சியெல்லாம் அதான் சொல்லுது, கொஞ்சம் கொஞ்சமா பாரம் ஏத்து, ஒடம்பு பழகிக்கும்னு."

"ஆராய்ச்சி பண்ணவன் இங்க வந்து ட்ரில் புடிச்சானா?"

"இல்ல மாமா. அதனாலதான் அப்டியே செய்யாம, அங்கிளுக்கு சிலிண்டரக் கேட்டேன்."

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். ஆரோக்கியசாமி வாரக்கணக்கில் மணல் தூக்கினார். பிறகு ஒருநாள் கடை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "சிலிண்டர ஒத்தையா நகுத்திட்டேன்யா! டாக்டரம்மா கைராசி!" என்று கத்தினார்.

கைராசியாம். அவள் அவரைத் தொடவே இல்லை.

அதற்கப்புறம் வருகிறவர்கள் எல்லோரும் "டாக்டரம்மா கீறாங்களா?" என்றுதான் கேட்டார்கள். இல்லை என்றால் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். நான் சும்மாதான் நின்றேன். என் மெஷின் மேல் அவளுடைய தண்ணீர் பாட்டிலும் டிபன் டப்பாவும் ஏறி உட்கார்ந்தன.

வீட்டில் செய்யச் சொன்னதை ஜனங்கள் செய்யவில்லை என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள். "எக்சர்சைஸ்னு சொன்னா எவனும் செய்ய மாட்டான். ஷிஃப்ட்டுன்னு சொல்லு" என்றேன். சொன்னாள். "காலைல ஒரு ஷிஃப்ட்டு, சாயங்காலம் ஒரு ஷிஃப்ட்டு." ஊரே செய்தது. ஷிஃப்ட்டைத் தவறவிடுவது எங்கள் ரத்தத்திலேயே கிடையாது. 'டாக்டரம்மா நம்ம பாஷையிலேயே சொல்றாங்க' என்று அதற்கும் பெயர் அவளுக்குத்தான் போயிற்று. அந்தச் சொல்லைக் கொடுத்தவன் நான். இங்கே எழுதிவைக்கிறேன், நாளைக்கு யாராவது மாற்றிச் சொன்னால் தெரியட்டும்.

என் முட்டியை மாட்டப்போன கதை

வியாபாரம் போனால் போகிறது, வருவது ஒரே குடும்பத்துக்குத்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் ஒருநாள் சாயங்காலம் லேம்பைத் திருப்பிவைத்துக் காத்திருந்தபோது, சுசீலா சொன்னாள்: "மித்ரா என்னையும் பாக்குறேன்னு சொல்லுது."

எனக்குச் சுருக்கென்றது. "உன்னப் பாக்க நான் இல்லையா?"

"சொல்லுச்சி. அவ்ளோதான்."

விடுவேனா? படத்தைக் காட்டினால் மித்ரா அடங்கிவிடுவாள் என்று நினைத்தேன். "பழைய படம் வேணாம், புதுசா ஒண்ணு எடுப்போம். அப்டியே எனக்கும் ஒண்ணு" என்றேன்.

"வலியே இல்லாம உங்களுக்கு எதுக்கு மாமா படம்?"

"கடையில மாட்டத்தான். கரண்ட்டு கௌதமன் முட்டி எப்டி கீதுன்னு ஊரு பாக்கட்டும். இந்த வயசுல மாடிப்படிய ரெண்டு ரெண்டா தாண்டுறவன் எவன் கீறான்?"

அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. எக்ஸ்ரே கடையில் எடுத்தோம். படங்களை மித்ரா போய் வாங்கிவந்தாள். வந்தவள் முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு. காகிதத்தை வெட்டி மூலையில் ஒட்டினாள்.

இப்போது அந்த விரலுக்கு வருகிறேன்.

விரல் மோசமான படத்தின் மேல் போய் நின்றது. "இதான் என்னுது. தேஞ்சி போச்சின்னு இத்தினி வருஷமா கேட்டுக்கினு கீறேனே, எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லுங்க மாமா" என்றாள் மித்ரா.

"இதுல இன்னா கீது கேக்கறதுக்கு? இது அவளுது. அந்த நல்ல முட்டி என்னுது. பாரு, தேக்குக் கட்டையாட்டம் கீது."

நாற்காலியில் ஷிஃப்ட் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்த ஆரோக்கியசாமியும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

மித்ரா காகிதத்தை உரித்தாள்.

முள் முளைத்த முட்டிக்குக் கீழே என் பெயர்.

ஆரோக்கியசாமிதான் முதலில் வாயைத் திறந்தார். "யோவ் கரண்ட்டு! இந்தப் படத்துக்கு உனக்கு நஷ்ட ஈடே கெடைக்கும்யா!"

சுசீலா சிரிக்கவில்லை. படத்தையும் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். "ஏங்க, உங்களுக்கு வலிக்கவே இல்லையா?"

"இல்லியே."

"எனக்கு வலிக்குதே. அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அய்யோ, இல்ல அத்தே" என்று மித்ரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வலி நெஜம். ஆனா படம் ஒண்ணு சொல்லும், வலி ஒண்ணு சொல்லும். ரெண்டும் எப்பவும் ஜோடியா போறதில்ல. எலும்பு ஒடஞ்சிதா பாக்க படம் வேணும். நீங்க மாடி ஏறலாமா, ஊர்வலத்துல நடக்கலாமான்னு படம் சொல்லாது. தொடை சதைதான் சொல்லணும். அதுக்குத்தான் இவ்ளோ நாளா லீவு உட்டுட்டீங்க."

சுசீலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்து வீட்டில் இறக்கி, பிளக்கைச் சொருகி, சின்ன பல்ப் எரிந்ததே, அன்றைக்கு என்னை அப்படிப் பார்த்தாள். அதற்கப்புறம் யாரையும் அவள் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

எனக்கு வந்த வலி

அன்று சாயங்காலமே என் முட்டி வலிக்க ஆரம்பித்தது.

சொன்னால் சிரிப்பீர்கள். காலையில் படி தாண்டினவன் சாயங்காலம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நடந்தால் உள்ளே அந்த முள் உரசுவது போல இருந்தது. மூன்றாம் நாள் நொண்டினேன்.

"மாமா, முட்டி அதே முட்டிதான். நீங்க படத்தப் பாத்துட்டீங்க, அவ்ளோதான். வாங்க, நாற்காலில ஒரு ஷிஃப்ட்டு" என்றாள் மித்ரா.

"உன் நாற்காலிய நீயே வெச்சிக்கோ" என்றேன்.

என் லேம்பை நானே திருப்பி என் முட்டிக்கு வைத்துக்கொண்டேன். சாயங்காலங்களில் கட்டிலில் நான் தனியாக. தலைக்கு மேலே மொட்டை மாடியில் காலடிச் சத்தம். மாமியாரும் மருமகளும் படி ஏறி இறங்குகிறார்கள். முதலில் மெதுவாக, நின்று நின்று. நாள் ஆக ஆக வேகமாக. இடையில் சிரிப்பு. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேட்கக் காதைத் தீட்டிக்கொள்வேன். லேம்ப் உறுமலில் ஒன்றும் கேட்காது. அணைத்துவிட்டுக் கேட்டால் சிரிப்பு நின்றிருக்கும்.

காலையிலிருந்து நடந்ததை எல்லாம் அவள் இப்போது மாடிப்படியில் சொல்லிவிடுகிறாள். என்னிடம் வரும்போது மிச்சம் ஏதும் இல்லை. சாப்பிட வாங்க, அவ்வளவுதான்.

மருமகள் மேல் எனக்கு வந்ததற்குப் பெயர் பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

ஊர்வலம்

வைகாசிப் பௌர்ணமிக்கு, புத்தர் பிறந்த நாள் என்று எங்கள் ஜனம் வெள்ளைப் புடவை கட்டி, கொடி பிடித்து, சாம்பியன் ரீப்ஸிலிருந்து மாரிகுப்பம் வரைக்கும் ஊர்வலம் போவார்கள். முட்டி வலி வந்ததிலிருந்து சுசீலா அதை ஆட்டோவில் இருந்துதான் பார்த்தாள். பக்கத்தில் நான்.

"இந்த தபா நடக்குறேன்" என்றாள்.

"ஆட்டோ பின்னாடியே வரும்" என்றேன். அதற்கு மேல் வாதாடவில்லை. நடக்கட்டும், பாதி வழியில் கையைத் தூக்குவாள், நான் ஏற்றிக்கொள்வேன். சத்தியமாக அப்படி நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வெயில் தாழ்ந்த நேரம். ஆட்டோ ஆமை மாதிரி ஊர்ந்தது. முன்னால் வெள்ளைப் புடவைகள். அத்தனை வெள்ளையிலும் சுசீலாவின் முதுகு எனக்குத் தனியாகத் தெரிந்தது. பக்கத்தில் மித்ரா. ஒரு தடவையாவது திரும்பி, வருகிறேனா என்று பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"பெரியவரே, இன்னும் எவ்ளோ தூரம் இப்டியே ஓட்டணும்? எஞ்சின் சூடாவுது" என்றான் ஆட்டோக்காரன்.

"நீ ஓட்டு. அவங்க ஏறுவாங்க."

ரயில்வே கேட்டைத் தாண்டி மேடு வந்தது. அங்கே சுசீலா நின்றாள். மித்ராவின் தோளைப் பிடித்துக்கொண்டு முட்டியைத் தேய்த்தாள். நான் ஆட்டோ நிற்பதற்குள் குதித்து ஓடினேன்.

"வலிக்குதா? வா, ஏறு."

"வலிக்குது" என்றாள். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் வேர்வை. "வலிக்கட்டும். வந்து போவும். இந்த வலியெல்லாம் எனக்குப் பழக்கமாய்ட்ச்சி. நீங்க போங்க."

கொஞ்சம் நின்றாள். தண்ணீர் குடித்தாள். மித்ரா வாயைத் திறந்து நட என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. சுசீலாவாகத்தான் கொடியைக் கை மாற்றிக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

நான் திரும்பி வந்து ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஏன் பெரியவரே, ஏறும்போது நொண்டிக்கினு ஏறினீங்க. இப்ப அந்த ஓட்டம் ஓடினீங்களே?"

"ரோட்டப் பாத்து ஓட்டுடா" என்றேன்.

மாரிகுப்பம் விகாரை வரைக்கும் அவள் நடந்தே போனாள். வாசலில் பெண்கள் எல்லாம் சூழ்ந்துகொண்டு மித்ராவின் கன்னத்தைத் தடவினார்கள். "மாமியாள நடக்க வெச்சிட்டியே கண்ணு!" ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கால் இத்தனை வருஷம் யார் செலவில் ஆட்டோவில் போயிற்று என்று யாருக்கும் நினைவில்லை.

சாயங்காலம்

மறுநாள் கடை சாத்தியபின் நான் கட்டிலில் உட்காரவில்லை. என் வலி அந்த மேட்டிலேயே எங்கேயோ விழுந்துவிட்டது. தேடவும் இல்லை.

சுசீலா கணக்கில்லாத நாளுக்குப் பிறகு கடைக்குள் வந்தாள். நடந்த களைப்பு இன்னும் காலில் இருந்தது. கட்டிலை விட்டுவிட்டு அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எனக்கு உள்ளே என்னவோ துள்ளியது. லேம்பை இழுத்துக்கொண்டு வந்தேன். "இவ்ளோ தூரம் நடந்தா வலிக்காம இன்னா செய்யும்? காலக் காட்டு. அரை மணி வெச்சா அடங்கிப்போவும்."

"லேம்ப் வேணாம்."

"வலிக்குதில்ல?"

"லேசா வலிக்குது. தானா போவும்."

ஸ்விட்சில் கை வைத்தபடி நின்றேன். பிறகு வயரைச் சுற்ற ஆரம்பித்தேன். "அப்ப சரி. நான் கடை கணக்கப் பாக்குறேன்."

"ஏங்க."

"இன்னா?"

"எனக்கு வலி இருந்தாத்தான் பக்கத்துல உக்காருவீங்களா?"

சுற்றிய வயர் கையிலேயே நின்றுவிட்டது. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் யார் என்ன கேட்டாலும் ஒரு பதில் சொல்லிவிடுவேன். டாக்டர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், இன்ஸ்பெக்டருக்குச் சொல்லியிருக்கிறேன். 

இதற்கு ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது. அதுவும் பொறாமையில் வந்ததுதான். "இதுவும் மித்ரா சொல்லிக்குடுத்ததா?"



"இல்ல" என்றாள் சுசீலா. "இது என்னுது."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முன்பு ஊர்வலத்தில் தன்னோடு நடந்த பெண்களில் யார் யார் நேற்று இல்லை என்று அவள் ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தாள்.